சின்னி தேறிய பனிக்காலம்

தடாவில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் சின்னி நின்றிருந்தாள். கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் அவள் தலையைத் தூக்கவில்லை. வைக்கோலை வாயில் வாங்கினாள், கொஞ்சம் மென்றாள், உருண்டையாகக் கீழே போட்டுவிட்டாள். அப்படிப் பாதி மென்ற உருண்டைகள் ஏழெட்டு அவள் காலடியில் கிடந்தன. பிறகு தலையை இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கினாள். நான் அங்கே நின்ற அரை மணி நேரமும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் எங்கள் கல்யாண ஊர்வலக் குதிரை. வெள்ளை. பதினொரு வயது. என் கணவர் சேகர் அவளைக் கூட்டிக்கொண்டு சித்தூரிலும் சுற்று ஊர்களிலும் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குப் போவார். ஐப்பசியில் ஒரு மண்டபத்து வாசலில் சரவெடி அவள் காலடியிலேயே வெடித்தது. மிரண்டு ஓடினாள். கயிறு அவர் கையில் இருந்தது. தார்ச்சாலையில் இழுபட்டுத் தலையில் அடி. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அந்தக் களேபரத்தில் அவருடைய தொழில் நண்பர் ஒருவர் குதிரையைத் தம் ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டிவைத்தார். நல்ல மனசுதான். ஆனால் அவரும் ஊர் ஊராக அலைகிறவர். தீனி போட்டவர்கள் தினம் ஒருவராக மாறியிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து, "குதிரைய வித்துடலாமாம்மா?" என்று போன் செய்தார். சரி என்று சொல்லத்தான் தடாவுக்குப் போனேன்.

ஏன் சொல்லவில்லை என்று இன்றும் கேட்கிறார்கள். இரக்கம் என்று சொன்னால் அது பொய். கோபமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தேன். கூரை ஒழுகி, அவள் இடுப்பெலும்பை ஒட்டி விழுந்திருந்த குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். துடைத்துவிட்டு வண்டிக்குச் சொன்னேன்.

எங்கள் ஊர் குடிபாலா பக்கம். வழியில் திருப்பதியில் ஒரு கால்நடை மருத்துவமனையில் நிறுத்தினோம். பெண் மருத்துவர். தெலுங்குக்காரர், தமிழும் பேசினார். கண்ணால் பார்த்ததை நம்பாதீர்கள் என்று என் கையைப் பிடித்து அவள் விலாவின் மேல் வைத்தார். பனிக்காலத்தில் ரோமம் அடர்ந்துவிடும், மெலிவை மறைத்துவிடும், விரலால் தடவித்தான் அறிய வேண்டும் என்றார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை போகும் உடல்நிலை மதிப்பெண்ணில் (கொழுப்பும் சதையும் எவ்வளவு இருக்கிறது என்பதற்கான அளவு) சின்னிக்கு இரண்டு.

பற்களின் ஓரம் கத்திபோல் வளர்ந்து உள்கன்னத்தைக் கிழித்திருந்தது. மெல்ல முடியாமல்தான் உருண்டையாகத் துப்பியிருக்கிறாள். வயிற்றில் புழு. வயிற்றுப்புண்ணும் இருக்கலாம் என்றார். குதிரை தனியாக, பயத்தோடு, வெறும் வயிற்றில் நின்றால் அது சீக்கிரம் வந்துவிடுமாம். பல்லை அரம் வைத்து ராவினார்கள். மயக்க மருந்தில் அவள் தலை என் தோளில் கிடந்தது. கனமாக இருந்தது. அவ்வளவுதான் தோன்றியது.

"எவ்ளோ நாள்ல தேறும் மேடம்?"

"தொந்தர படொத்தம்மா (அவசரப்படாதீங்க). பட்டினி கெடந்த உடம்பு. ஒரேடியா தானியம் போட்டா ரத்தத்துல உப்பெல்லாம் கொலஞ்சு உயிரே போயிடும். புல்லு, கடலக்கொடி, கொஞ்சம் கொஞ்சமா. மாசிக்கு மேல பாருங்க."

என் மகள் கீர்த்தனா திருப்பதியில்தான் படிக்கிறாள். விடுதி அங்கிருந்து பத்து நிமிடம். போன் செய்தேன்.

"அத வூட்டுக்கு இட்டுக்கினு போறியா?"

"ஆமா."

"நைனாவ கொன்னத வூட்ல கட்டிவெப்பியா? அப்ப நான் அங்க வரல."

சரி என்றேன். அவளும் வைத்துவிட்டாள்.

காலை ஐந்து, ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஐந்து, இரவு எட்டு. ஐந்து வேளை. வேர்க்கடலைக் கொடியைச் சின்னதாக நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். குதிரை மசால் என்ற பசுந்தீவனம் ஒரு கைப்பிடியில் தொடங்கி வாரத்துக்கு ஒரு கைப்பிடி கூட்டினேன். குளிரில் குதிரை தண்ணீர் குறைவாகக் குடிக்கும், குடல் காய்ந்துவிடும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் கல்லுப்பு. பழைய கம்பளி இரண்டைச் சேர்த்துத் தைத்துப் போர்த்தினேன். நான் தையல்காரி, வீட்டிலேயே வேலை. நடுநடுவே எழுந்துபோக முடிந்தது. பக்கத்து வீட்டு ஆடு ஒன்றைக் கேட்டு வாங்கி அவளோடு கட்டினேன். ஆடு வந்த மூன்றாம் நாள் தலையாட்டுவது குறைந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் போனார்கள். என் மைத்துனர் மட்டும் வாசலில் நின்று, "அண்ணி, இது நல்லால்ல" என்றார். நான் கொடி நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் போனது எப்போது என்று தெரியாது.

வாரம் ஒருமுறை மார்பைச் சுற்றி நாடா பிடித்து அளப்பேன். துணிக்கு அளவெடுக்கும் அதே நாடா. மூன்று வாரம் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. இந்த இடத்தில் நான் செய்த தப்பை எழுதியாக வேண்டும். மார்கழியில் ஒரு நாள் மாலை, ஊறவைத்த கொள்ளு, மருத்துவர் சொன்னதைப்போல் இரண்டு பங்கு போட்டேன். ஆசையினால் இல்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை சின்னி படுத்துப் புரண்டாள். எழுந்து தன் வயிற்றையே திரும்பிப் பார்த்தாள். மறுபடி புரண்டாள். குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது கீழேதான் வர வேண்டும், வராவிட்டால் குடல் உப்பிச் சாகும். மருத்துவர் போனிலேயே, "வண்டி ஏத்துங்க, இங்க கொண்டு ரண்டி (வாங்க)" என்றார்.

திருப்பதியில் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு எண்ணெய் மருந்து ஏற்றினார்கள். பிறகு நடத்திக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். உள்ளே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை. கீர்த்தனாவுக்குப் போன் செய்தேன். அவள் வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கயிற்றை வாங்கினாள். பிடி நழுவக் கூடாதென்று அதை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றினாள்.

"கையில சுத்தாத."

"ஏன்?"

"மடிச்சுப் புடி. அது இஸ்த்தா நீ உட்டுடணும்."

அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நைனா சுத்திக்கினு இருந்தாரா?"

"ஆமா. சுத்தக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்றவரு. அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. சுத்திக்கினாரு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மணிக்கட்டுல தடம் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில பாத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தப்பு நைனா மேலன்னு ஆயிடுமேன்னுதான்."

அவள் சுற்றைப் பிரித்தாள், கயிற்றை மடித்துப் பிடித்தாள், சின்னியை நடத்தினாள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது மருத்துவமனை முற்றத்தில் இரண்டு பேரும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வரவில்லை.

மாலை நாலு மணிக்குச் சாணம் விழுந்தது. "அம்மா, போட்டுச்சு" என்று கத்தினாள்.

மருத்துவர் வந்து சின்னியின் வயிற்றில் காதுக்குழாய் வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு அஞ்சு வேளை. நீங்க என்ன துன்றீங்கம்மா?"

யோசித்துப் பார்த்தேன். ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவுவதை அப்போதுதான் கவனித்தேன். ஊருக்கெல்லாம் ரவிக்கை பிடித்துத் தைக்கிறவள் நான். கீர்த்தனா இட்லி வாங்கி வந்தாள். உட்கார்ந்து தின்றேன். ருசி தெரியவில்லை. இறங்கியது.

பொங்கலுக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். போகி மேளத்துக்குச் சின்னி நடுங்காமல் இருக்க, பஞ்சு வைத்த காதுறை ஒன்றை என் மிஷினிலேயே தைத்தாள். போட்டுவிட்டபோது எட்ட நின்றுதான் போட்டாள். "இன்னும் எனக்கு இதப் புடிக்கல" என்றாள். ஆனாலும் ஒன்பது மணித் தீனியை அந்த நாலு நாளும் அவளே வைத்தாள்.

தை முடிவில் நாடா இரண்டு அங்குலம் ஏறியது. மாசியில் மருத்துவர் ஐந்து மதிப்பெண் கொடுத்தார். விலா கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிகிறது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். ஊர்வலத்துக்கு அவளை இனி அனுப்பப்போவதில்லை. பிறகு எதற்கு வைத்திருக்கிறாய் என்றால், எனக்கும் தெரியாது.

மெலிந்த குதிரையோடு நிற்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முதலில் பல்லைப் பாருங்கள். தானியத்தைக் கடைசியில் கூட்டுங்கள். துணைக்கு ஓர் உயிரைப் பக்கத்தில் கட்டுங்கள். நாடா ஏறாத வாரங்கள் வரும், அந்த வாரங்களில் எதையும் மாற்றாதீர்கள். அன்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். அது இல்லாமலும் தண்ணீர் வைக்க முடியும்.

போன வாரம் உதவித்தொகை விஷயமாகச் சச்சிவாலயம் (ஊர் அரசு அலுவலகம்) போனேன். அங்கே இருந்த பெண் இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, அவர் போய் எவ்வளவு காலமாச்சு அக்கா என்று தெலுங்கில் கேட்டாள். வாய் திறந்தேன். மாதக் கணக்கு வரவில்லை. அவர் போனபோது சின்னியின் ரோமம் குட்டையாக இருந்தது. அப்புறம் அடர்ந்தது. இப்போது சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எனக்குத் தெரிந்த காலம் அதுதான்.

"நாலு மாசம் இருக்குமாக்கா?"

"இருக்கும்," என்றேன்.

காகிதங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் பின்கழுத்தில் சுட்டது. சுடுகிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, நிழல் இருந்த பக்கமாக நடந்தேன்.