அரசிலை ஊறிய பானை

பயிற்சிப் பள்ளிக்கு எப்படிப் போனாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அந்தக் காலத்தில் எட்டாவது தேறினாலே ஆசிரியைப் பயிற்சியில் சேரலாம். தேறியதும் அதற்குத் திருச்சிக்குப் போக ஆசைப்பட்டேன். அதற்கு அப்பாவின் சம்மதம் மட்டும் போதாது. அரியலூரில் இருந்த பெரியப்பாவும் சரி சொல்ல வேண்டும். பருத்தி எடுப்பு முடிந்ததும் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வாயால் கெஞ்ச எனக்கு மனமில்லை. படிப்பு என்றால் என்ன என்று அவர் கண்ணுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் ஆசிரியை ஒருமுறை வகுப்புக்கு ஓர் அரசிலை கொண்டுவந்திருந்தார். சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் நின்ற இலை. தூக்கிப் பிடித்தால் மல்துணி போல வெளிச்சம் வடிந்தது. அதன்மேல் ஒரு மைனாவை வரைந்திருந்தார். இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சதையைத் தின்று நரம்பை விட்டுவிடும் என்றார். மரம் பின்னி வைத்ததைக் கிருமி துலக்கிக் கொடுக்கிறது, அதில் மனிதர் வண்ணம் வைக்கிறார்! எனக்கு அன்று முழுவதும் வேறு நினைப்பே இல்லை. அப்படி ஓர் இலையில் பெரியப்பாவின் வண்டிக்காளையை வரைந்து அவர் கையில் கொடுத்தால் மறுபேச்சு ஏது?

ஏரிக்கரை அரசமரத்தில் இலை பறித்துப் பழைய பானையில் ஊறப்போட்டேன். கொல்லையில் புங்கமரத்து நிழலில் மூடி வைத்தேன். நாளாக ஆகத் தண்ணீர் கறுத்தது.

"எலி செத்துக் கெடக்குற மாதிரி நாறுதுடி. கொண்டுபோயிக் கொட்டு" என்றார் அம்மா.

"இது சயின்ஸும்மா."

"நாத்தத்துக்கு இப்படி ஒரு பேரா?"

பெரியப்பா சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார். வண்டியைக் கொல்லைப் பக்கம் அவிழ்த்தார். எங்கள் ஊரில் நிழலில் மூடியிருக்கும் பானை என்றால் குடிதண்ணீர்தான். அவருக்கோ பொடி போட்டுப் போட்டு மரத்த மூக்கு. சொம்பால் மொண்டு வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் ஓடிவந்தோம். மீசையில் கொழகொழவென்று ஓர் இலை ஒட்டியிருந்தது. அப்பா துண்டை நீட்டினார். நான் அத்தோடு நின்றிருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கப் புறப்பட்டேன்.

"இது கெட்ட தண்ணீர் அல்ல பெரியப்பா. இலையின் சதையைக் கிருமிகள் உண்கின்றன. நரம்புகள் மட்டும்..."

பாடம் ஒப்பிப்பது போலத்தான் வந்தது. வண்டியோடு வந்த ஆள்கள் இருவர் முதலில் சிரித்தார்கள்.

"கிருமி தின்ன மிச்சத்தையா எனக்கு வச்ச?" என்று பெரியப்பா மறுபடி துப்பினார்.

"உங்க காளையை வரையத்தான்..." என்றேன்.

"காளையா? எலையிலயா?" இப்போது அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "டேய் தம்பி, இவள திருச்சிக்கே அனுப்பிடுடா. இங்க இருந்தா உன் வூட்டுல ஒரு வாய் தண்ணி நம்பிக் குடிக்க முடியாது. அந்த ஊருப் புள்ளைங்க குடிக்கட்டும்!"

"சரிங்கண்ணே" என்றார் அப்பா. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

சம்மதம் கிடைத்தது அப்படித்தான். என் மதிப்பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று சாப்பாட்டுக்கு நான் உள்ளே போகவில்லை.

"போகணும்னுதானே கெடந்த? எப்படிப் போனா என்னடி?" என்றார் அம்மா.

எனக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. வென்று போக நினைத்தவளை விரட்டி அனுப்பினார்கள்.

அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேற்ற வந்த பெரியப்பா, பக்கத்தில் நின்றவரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விடுதியில் முதல் நாள் மாலை, ஒவ்வொருத்தியும் தான் வந்த கதையைச் சொன்னாள். ஒருத்திக்குத் தலைமை ஆசிரியை வீடு தேடி வந்து பேசினாராம். இன்னொருத்தி மூன்று நாள் பட்டினி கிடந்தாளாம். என் முறை வந்தது.

"வீட்டில் அனுப்பினார்கள்" என்றேன்.

கொடுத்து வைத்தவள் என்றார்கள்.