வெங்காயம் தேய்த்த வாஃபிள்

புந்தோங்கில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மதியம் மூன்று மணிக்கு மலை காணாமல் போகும். மழை முதலில் சுண்ணாம்புக் குன்றை மறைக்கும், பிறகு பின்தெருவை மறைக்கும், கடைசியில் கொடியில் கிடக்கும் என் துணிகளுக்கு வந்து சேரும். அருப்புக்கோட்டையிலிருந்து கடல் தாண்டி இந்த மலாய் நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பத்து வருஷமாகிறது. மழை வருமா வருமா என்று வானத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, இப்படித் தினம் தினம் கொட்டுவதை இன்னும் நம்ப முடியவில்லை. துணி எடுக்க மறந்து வேடிக்கை பார்ப்பேன். "துணி நனையுது, இவ படம் பாக்குற மாதிரி நிக்கிறா லா" என்று என் வீட்டுக்காரர் சேகர் இந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டுக் கேலி செய்வார்.

அப்படியொரு சனிக்கிழமை மழையில்தான் முதன்முதலாக வாஃபிள் சுட்டேன். காரணம் என் மகள் தர்ஷினி. ஏழு வயது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து, நான் சமைப்பதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, "இது உங்க ஊரு சாப்பாடு மா, எனக்கு வேணாம்" என்பாள். இங்கேயே சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த அவள் அப்பாவின் ஊர் அவளுக்கும் ஊர்தான். அந்தத் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாக மாறிப் பல காலமாகியும் அதில் சந்தேகமில்லை. என் ஊர் மட்டும் எனக்கே எனக்கு. சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன், ஆனால் வலிக்கும். பெற்ற பிள்ளைக்கே விருந்தாளியாகிவிடுவேனோ என்று பயந்தேன். அவள் ஆசையாகச் சாப்பிடுவது பசார் மாலமில், அந்திச் சந்தையில், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிளறிய காயா ஜாம் தடவி மடித்துத் தரும் வாஃபிள். அதையே என் கையால் செய்து சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. சேகர் அடுப்பில் வைத்துச் சுடும் இரும்பு அச்சு ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

செய்முறை சொன்னது பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா காக் ரோஸ், நம் பேச்சில் ரோஸ் அக்கா. மைதா, முட்டை, தேங்காய்ப்பால், வாசத்துக்கும் பச்சை நிறத்துக்கும் பாண்டான் இலைச் சாறு என்று விரல் மடக்கினார். எத்தனை கோப்பை என்று அரைகுறை மலாயில் கேட்டேன். "அகாக்-அகாக் சஜா" என்று கையைக் காற்றில் கவிழ்த்தார். குத்துமதிப்பாகப் போடு என்பதற்கு மேல் கணக்கில்லை. ஊரில் என் அம்மாவும் இப்படித்தான் சொல்வார். அப்புறம் காக் ரோஸ் வேகமாக ஏதோ கேட்டார், நானும் தலையாட்டி வைத்தேன். கடை போடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போல, மறுநாள் வாசலில் ஒரு சுமை பாண்டான் இலை கிடந்தது.

பச்சை மாவு தயார். அச்சு காய்ந்தது. வெளியே மழை, உள்ளே தேங்காய்ப்பால் வாசம். மனசு எங்கோ போய்விட்டது. அருப்புக்கோட்டை அடுப்படி, வேப்பம்பூ உதிர்ந்த முற்றம், கல் காய்ந்ததும் அம்மா வெங்காயத்தால் தேய்க்கும் அந்தச் சொய்ங் சத்தம். அந்தச் சத்தம் நிஜமாகவே கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். என் கை, தன்பாட்டுக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு, வாஃபிள் அச்சின் கட்டம் கட்டமாகத் தேய்த்து முடித்திருந்தது.

துடைத்தேன், மறுபடி காய்ச்சினேன். கட்டங்களுக்குள் புகுந்த வாசம் போவதாயில்லை. தர்ஷினி ஒரு கடி கடித்தாள்.

"ஐயோ மா, வெங்காயம் வாசம் அடிக்குது லா! தோசை மாதிரி இருக்கு."

தட்டைத் தள்ளிவிட்டாள். சேகர் மட்டும், "நல்லாத்தானே இருக்கு" என்று இரண்டு தின்றார். மிச்சத்தை நின்றபடியே நான் தின்றேன். கொஞ்சம் அழுதேன்.

புதன்கிழமை பசார் மாலமுக்குக் கூட்டிப்போய் வழக்கமான வாஃபிள் வாங்கிக் கொடுத்தேன். தோற்றவள் வேறென்ன செய்வாள்? பாதி தின்றுவிட்டு என்னிடமே நீட்டினாள். "இனிப்பு மட்டும்தான் இருக்கு மா" என்றாள். வயிறு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மலை மறைய ஆரம்பித்த நேரத்தில் மறுபடி அச்சைக் காய வைத்தேன். இந்த முறை புத்தியாக வெண்ணெயைத்தான் எடுத்து வைத்திருந்தேன். தர்ஷினி வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் காயா டின், மறுகையில் முள்கரண்டியில் குத்திய பாதி வெங்காயம்.

"இத மறந்துட்டீங்க மா."

வாங்கித் தேய்த்தேன். வெளியே துணி நனைந்துகொண்டிருந்தது.