கிணற்றுக்கு ஊற்றிய தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில், ரயில் பாதைக்குச் சற்றுத் தள்ளி எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு இருந்தது. கணவர் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். இந்திய வம்சாவளித் தமிழர்களை இந்தியாவுக்கே அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டிருந்தன. எங்களுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு கைக்கு வந்து, இத்தனை நாளுக்குள் கிளம்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதற்குள் வீட்டை விற்றாக வேண்டும். தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகு திரும்பி வந்தா விற்க முடியும்? அக்கரையில் எங்களுக்கென்று ஒரு கூரை கிடையாது. இந்த வீடு விலை போனால்தான் அங்கே ஒரு வாழ்க்கை.

தரகர் கெட்டிக்காரர். ஆளுக்கொரு நாள் கூட்டி வந்தால் நாள் போதாது, வீடு பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வரட்டும், நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் ஆசை வரும் என்றார். செய்ய வேண்டிய வேலைகளையும் அடுக்கினார். முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், சிவப்பு சிமெந்துத் தரைக்கு மெழுகு போட வேண்டும், முற்றத்துப் புல்லை வெட்ட வேண்டும், அன்றைக்கு மட்டும் கருவாடு பொரிக்கக் கூடாது. போகிற போக்கில், கிணற்றை எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள் என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேதான் சிக்கல். ஆடியிலும் ஆவணியிலும் எங்கள் கிணறு அடிவரைக்கும் வற்றிவிடும். மழை விழுந்தால் கையால் மொள்ளலாம், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மழைக்கு எங்கே போவது? கிணற்றில் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்ற யோசனை கணவருடையது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. உண்மையில் அது என்னுடையது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம். அவர்கள் கிணறு வயல் ஓரமாக, நல்ல ஆழம், வற்றவே வற்றாது. எட்டு வருடமாகக் கோடையில் அங்கேதான் எங்களுக்குத் தண்ணீர். சனிக்கிழமை பின்னேரம் நானும் கணவரும் இரண்டு இரண்டு வாளியாகத் தூக்கினோம். எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று அந்த வீட்டு அக்கா கேட்டாள். சாமி கும்பிட வீடு கழுவுகிறோம் என்று கூசாமல் சொன்னேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீங்கள் தூக்குங்கள், நான் இறைத்துத் தருகிறேன் என்று கயிற்றைப் பிடித்துவிட்டாள். அந்த வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

காலையில் எட்டிப் பார்த்தால் பாதித் தண்ணீரைக் காணோம். மண் குடித்துவிட்டது. மறுபடியும் ஓடி ஓடி இருபது வாளி ஊற்றினோம். என் இடுப்பு விட்டுப்போனது. வீட்டுக்குள்ளே இருந்த சட்டிபானை, பழைய டிரங்குப் பெட்டி, கிழிந்த பாய் எல்லாவற்றையும் சமையலறையில் திணித்து வாசல் திரையை இழுத்து விட்டேன். முன்பக்கம் மாப்பிள்ளை வீடு மாதிரி மின்னியது.

முதலில் வந்தவர் அறை சின்னது என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இன்னொருவர் வரவே இல்லை. மத்தியானம் மாத்தளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் மனைவியோடு வந்தார். அவர் கூடத்தில் கணவரோடும் தரகரோடும் உட்கார்ந்தார். மனைவி தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முன்வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்வாசலுக்கு வந்துவிட்டார். அயல் ஆண்கள் இருக்கிற கூடத்துக்குள் அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா என்ன? எத்தனை முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்! இருந்தும் ஆண்கள் உட்காருகிற இடத்தை மட்டும் மினுக்கி, பெண்கள் வருகிற வழியில் குப்பையைக் கொட்டி வைத்திருந்தேன்.

அந்த அம்மா கிழிந்த பாயைத் தாண்டி வந்து, அடுப்பைப் பார்த்து, புகை போகிற வழியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது, கைகால் கழுவ வேண்டும் என்றார். நான் கொண்டுவருகிறேன் என்று பாய்ந்தேன். வேண்டாம், நானே அள்ளிக்கொள்கிறேன் என்று கிணற்றடிக்குப் போய்விட்டார்.

வாளி இறங்கியது. தண்ணீரில் விழுகிற சத்தம் வரவில்லை, தரையில் இடிக்கிற சத்தம்தான் வந்தது. மேலே வந்தது அரை வாளிச் சேறு. அவர் அதைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். காய்ந்து வெடித்த நிலத்தில், கிணற்றிலிருந்து வேலி இடைவெளி வரைக்கும் ஒரே ஈரத் தடம்.

"தங்கச்சி, கிணத்துக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வீடு போச்சு என்று நினைத்தேன். அதைவிட, இந்த அம்மா உள்ளே போய் இதைச் சொன்னால் என் கணவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை. எத்தனை மாதம் வற்றும் என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். அப்போது தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்றார். வேலிப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அப்ப அங்க கூட்டிட்டுப் போங்க என்னைய. நான் பாக்க வேண்டியது அந்த வீடுதான்."

நேற்றுச் சொன்ன பொய்யோடு அந்த வேலியைத் தாண்ட என் கால் வரவில்லை. ஆனாலும் போனோம். அந்த அம்மா நல்ல சிங்களத்தில், நான் இந்த வீட்டுக்கு வந்தால் எனக்கும் தண்ணீர் தருவீர்களா என்று நேரடியாகவே கேட்டார். இவர்களுக்குத் தந்தேன், உங்களுக்கு ஏன் தரமாட்டேன் என்றாள் அக்கா. இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று அடுத்த கேள்வி. அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். எட்டு வருடத்தில் இவள் என்னிடம் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாள், அது நேற்று. கிணற்றில் ஊற்றுகிறார்கள் என்று வேலி வழியே பார்த்தேன். நிற்காது, மண் குடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் இவளுக்கு வெட்கமாக இருக்குமே. அதனால் அது வடிகிற வேகத்தைவிட வேகமாக இறைத்துக் கொடுத்தேன்.

நான் அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். அந்த முஸ்லிம் அம்மாவும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே, அந்தக் கிணற்றடியிலேயே கைகால் கழுவினார். திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றபடி, கூடத்துக்குக் கேட்கும்படி தன் கணவரைக் கூப்பிட்டார்.

"கிணறு ரெண்டு மாசம் வத்துமாம். பரவாயில்ல, பேசி முடிங்க."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தரகர் விழித்தார். பெரியவர் அங்கேயே விலையைப் பேசி முடித்தார்.

திருச்சிப் பக்கம் வந்து இத்தனை வருடமாகிவிட்டது. வீட்டில் இல்லாததை இருப்பதாகக் காட்ட யாராவது பாடுபடுவதைப் பார்த்தால், முன்பெல்லாம் உள்ளுக்குள் சிரிக்கிறவள் நான். இப்போது சிரிக்க முடிவதில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தும் எனக்காகக் கை காய்க்கக் கயிறு இழுத்தாளே ஒருத்தி, அவளைப் போல ஒரு நாளாவது இருந்துவிட மாட்டேனா என்றுதான் மனசு ஏங்குகிறது.