கல்லைக் கலைக்கிற லிஃப்ட்காரர்

முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, மீன் தொட்டியில் கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார் என் மாடி வீட்டுக்காரர். தோளில் ஈரத் துண்டு. தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. உயிரை வைத்திருப்பதோ மீன்கள் மேல்.

அதுவும் சாதுவான மீன்களா? ஆப்பிரிக்க சிக்லிட்! விரல் நீளம்தான், பார்க்கப் பட்டுத் துணி மாதிரி பளபளப்பு. குணம் மட்டும் சண்டைக்கோழி. இருப்பதில் பெரிய நீலத்துக்கு 'தாதா' என்று பெயர். ஒரு முறை ஆசையாகத் தங்கமீன் வாங்கித் தொட்டிக்குள் விட்டார். பொழுது விடிவதற்குள் தாதா அதன் வாலைக் கந்தலாக்கிவிட்டது. அன்றிலிருந்து இவர் மீன் கடைக்குப் போவது சம்பந்தம் பேசப் போவது மாதிரிதான். "அதே நீலம் வேணாம்பா, போட்டிக்கு நிக்கும். ரொம்ப சாதுவும் வேணாம், மென்னு துப்பிடும். அந்த மஞ்சளைக் காட்டு. கொஞ்சம் வாயாடியா இருந்தாத் தேவலை." அடியில் மேய ஒரு கெளுத்தியும் வாங்குவார். "இது யார் வம்புக்கும் போகாது, என்னை மாதிரி."

புதியதை விடுமுன் கற்களைக் கலைத்து அடுக்குவதுதான் அவருடைய வித்தை. "பழைய பொந்து அங்கயே இருந்தா, 'இது என் வீடு'ன்னு வந்ததை அடிக்கும் சார். எல்லாத்தையும் கலைச்சுடணும். எல்லாருமே புதுசாயிட்டா யாரு யாரை விரட்டுறது?"

தனியாக இருக்கும் அவருடைய அக்கா இனி இவரோடும் மனைவியோடும் தங்க வருவதாக முடிவானது. நல்ல அக்காதான், நல்ல மனைவிதான். ஆனால் சென்ற தடவை வந்திருந்தபோது, எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்ற தகராறில் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். "இந்தத் தடவையும் கோவிச்சுட்டுப் போனா, அக்கா அப்புறம் வராது சார்," என்றார். எனக்கே பாவமாக இருந்தது.

அக்காவை அழைத்துவர மனைவி ஸ்டேஷனுக்குப் போனதும் மாடியில் தடதடவென்று சத்தம். போய்ப் பார்த்தேன். பீரோ ஜன்னலோரம், சாப்பாட்டு மேஜை வாசலருகில், சமையலறை அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறி. மூச்சிரைக்கத் தொட்டியருகே நின்றிருந்தார்.

இருவரும் வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் டப்பாக்கள் உருண்டன.

"அண்ணி, என் வீட்டுலயே எனக்கு ஒண்ணும் புரியல!" என்றார் மனைவி.

"இவனுக்குப் பைத்தியம் முத்திடுச்சும்மா."

"உங்க தம்பிதானே!"

இரண்டு பேரும் சிரித்தது கீழே என் வீடு வரை கேட்டிருக்கும்.

"டேய், சர்க்கரை டப்பாவை எங்கடா வச்ச?"

"ஞாபகம் இல்லையேக்கா, ரெண்டு பேருமாச் சேர்ந்து தேடுங்க!" என்றபடி, தொட்டிக்குப் பின்னாலிருந்த டப்பாவை ஒரு விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.