பேட்டா சேராத சம்பளம்

சரக்கு நிலையத்தில் அவரை எல்லாரும் ‘ஒத்தவேளை’ என்றே அழைத்தார்கள். லாரி ஓட்டிய இருபத்துநான்கு ஆண்டுகளில், சாலையில் இருக்கும் நாளெல்லாம் அவர் ஒரே வேளைதான் உண்டார். வழிச்சாப்பாட்டுக்கென முதலாளி நாள்தோறும் தரும் பேட்டாவில் மிஞ்சியது வீடு போய்ச் சேர்ந்தது. சம்பளம் பதினெட்டாயிரம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது மாதம் ஒன்பதாயிரத்துக்குக் குறையாது. ஆயினும் அத்தொழிலில் எவரும் பேட்டாவைச் சம்பளத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை. சொன்னால், பட்டினி கிடந்து குடும்பம் நடத்துவதாக ஒப்புக்கொண்டது போலாகும்.

மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கைத்தாங்கல் இன்றி அவளால் கட்டிலை விட்டு எழ இயலவில்லை. உடனிருந்து பார்த்துக்கொண்டவள் அவளுடைய தங்கை.

“மாமா, எங்க வீட்டுக்காரர் தினம் கடைச் சாப்பாடு சாப்பிட்டு வயித்தக் கெடுத்துக்கிறாரு. மாசக் கடைசில நான் கிளம்பணும்.”

“போம்மா. இவ்வளவு நாள் இருந்ததே பெரிசு.”

பகலில் எதிர்வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். மாலைக்குப் பிறகு ஆள் வேண்டும். ஆகவே அவர் அன்றாடம் வீடு திரும்பும் வேலையைத் தேடினார். சிமென்ட் கிடங்கொன்றில், ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஓட்டுநர் தேவைப்பட்டது. மேலாளர் அவருடைய லைசென்ஸையும் தாள்களையும் புரட்டினார்.

“ஒரு கேஸ்கூட இல்லையே! வண்டிய ஓட்டினீங்களா, இல்ல கழுவி நிறுத்தி வச்சிருந்தீங்களா?” என்று சிரித்தவர், “இப்ப என்ன வாங்குறீங்க?” என்று கேட்டார்.

“பதினெட்டு சார்.”

வாய் பழகிய தடத்திலேயே ஓடிவிட்டது.

“இருபதாப் போட்டுக்கலாம். சந்தோஷமா?”

“சந்தோஷம் சார்” என்று கையெழுத்திட்டார்.

செய்தியைக் கேட்ட மனைவியின் முதல் கேள்வி, “பேட்டா எவ்வளவுங்க?” என்பதாக இருந்தது.

“ஊருக்குள்ள ஓடுற வண்டிக்குப் பேட்டா கிடையாதும்மா” என்று அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

“ரெண்டு ஏத்தி ஒன்பது இறக்கியிருக்காங்க. நல்ல கெட்டிக்காரர்தான் போங்க. வாடகையும் மருந்தும் போனா அடுப்புல பூனைதான் தூங்கும்” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை.

மறுநாள் காலை மீண்டும் மேலாளர் முன் நின்றார். “சார், நேத்து பேட்டாவச் சேர்க்காமச் சொல்லிட்டேன். எனக்கு இருபத்தேழு வருது.”

“அட, அத நேத்தே சொல்லியிருந்தா இருபத்தஞ்சு வரைக்கும் பேசியிருப்பேனே! தாள் மேல போயிடுச்சு. இப்ப மாத்திக் கேட்டா முதலாளி என்னைத்தான் முட்டாள்னுவாரு. இருபதுக்கு வர்றதுன்னா வாங்க. இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, டிரைவர்.”

வெளியே வந்து இன்னும் இரண்டு கிடங்குகளில் விசாரித்தார். ஓரிடத்தில் பத்தொன்பது என்றார்கள். மற்றோரிடத்தில் வயதைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். துயரமோ சினமோ அவருக்குத் தோன்றவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதைப் போலப் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார். அங்கிருந்தே மேலாளரை அழைத்து, வரவில்லை என்று சொன்னார்.

மாதக் கடைசியில் தங்கை போனாள். அன்றே மனைவியைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி வந்தார். தங்க இடமும் சோறும் போக நாலாயிரம் கேட்டார். பழைய லாரியிலேயே தொடர்ந்து ஓடி, பேட்டாவில் மிஞ்சுவதிலிருந்து அதைக் கொடுக்கலாம் என்று கணவனும் மனைவியும் முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

“அண்ணே, அக்காவோட மாத்துத் துணி எங்க?”

அவர் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே காலிப் புட்டிகள் இருந்தன. அடுத்ததைத் திறந்தார், போர்வைகள். மூன்றாவதன் பிடியில் கை வைத்துத் தயங்கினார்.

“அவரைக் கேக்காதம்மா, என்னைக் கேளு” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. “இந்த வீட்ல விருந்தாளி அவருதான்.”

பெண்மணி சிரித்துவிட்டு, மனைவியின் தோளுக்கடியில் கைகொடுத்தார். “இப்படியாக்கா?”

“இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், இப்பத் தூக்கு.”

அவர் வாசற்படியில் நின்று பார்த்தார். மனைவி எழுந்து உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“வர அஞ்சு நாளாகும்” என்றார்.

“ம். கதவச் சாத்திட்டுப் போங்க, தூசி வருது.”

சாத்தினார்.