செம்பூரில் தமிழ்க் கவிதை எழுதிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அக்கா கவிதை எழுதுவார் என்பது இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர் பலருக்கும் தெரியும். அவற்றைப் படித்தவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்கா அம்பாசமுத்திரத்தில் பிறந்தார். என்னைப் பெற்ற சில மாதங்களில் அம்மா காலமாகிவிட, அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பம்பாய்க்கு வந்து தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா அங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்து, மாதுங்காவில் தட்டெழுத்துக் கற்று, செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனார். வீடும் செம்பூருக்கு மாறியது. பகலெல்லாம் ஆங்கிலத்தில் அடித்துவிட்டு வந்து, சாயங்காலம் சமையலறை வாசற்படியில் அமர்ந்து தமிழில் எழுதுவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னை வார இதழ் ஒன்றில் அக்காவின் முதல் கவிதை வந்தது. மாதுங்கா ஸ்டேஷன் கடையில் அதை வாங்கி, வந்த வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு பிளாட்பாரத்திலேயே நின்று படித்தாராம்.

அந்த வருடமே தாதரிலிருந்து நல்ல வரன் வந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு, கல்யாணமானால் பத்திரிகையில் பெயர் வரக் கூடாது என்று மாப்பிள்ளையின் தாயார் சொன்னார். அப்பா சரியென்று தலையாட்டினார். அவர்கள் போனதும் அக்கா அப்பாவிடம் சொன்னார்:

“எழுதுறத விட்டுட்டு வரச் சொன்னா, அங்க போறது யாருப்பா? அது நான் இல்லல்லா.”

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அன்றிலிருந்து அப்பா அக்காவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். வெந்நீர் வேண்டுமென்றாலும், குடை எங்கே என்று கேட்க வேண்டுமென்றாலும் என்னிடம் சொல்வார். நான் அக்காவிடம் சொல்வேன். எனக்குக் கல்யாணமாகி நான் தாணேக்குப் போனபின் இடையில் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால், ஒரே அறையில் இருவரும் இருப்பார்கள். ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

பிறகு அக்காவின் கவிதைத் தொகுப்பு சென்னையில் அச்சாகி வந்தது. மாதுங்காவில் ஒரு விழாவில், நடனம் முடிந்தபின் வாசிக்கச் சொன்னார்கள். மழை வரும்போல் இருந்ததால் கூட்டம் எழுந்து போய்விட்டது. நானும், ஜமுக்காளத்தைச் சுருட்ட வந்தவரும்தான் மிச்சம். அவர் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி, அக்கா முடிக்கும்வரை மரியாதையாக நின்றார். அக்கா ஒரு வரியைக்கூடக் குறைக்கவில்லை.

அப்பா நோயுற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். ஒரு நாள் அப்பா கண் திறந்து, “சாப்பிட்டியாட்டி?” என்று கேட்டார். “சாப்பிட்டேம்ப்பா” என்றார் அக்கா. அத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

அதற்குப் பின் அக்கா தனியாகவே இருந்தார். தாணேக்கு வந்துவிடும்படி நானும் என் கணவரும் எத்தனையோ முறை அழைத்தோம், வரவில்லை. மூட்டுகள் வீங்கி விரல்கள் மடங்க மறுத்தன. வேலையை விட்டார். பேனா பிடிக்க முடியாமல் போனது. கைக்குழந்தையோடு நான் போக முடிந்தது வாரத்துக்கு ஒரு நாள்தான். மற்ற நாட்களில் அக்காவைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு மராத்திப் பெண்மணி சுமன்பாய். காலையில் சாயா கொண்டுவந்து வாசலில் நின்று “தாயி” என்று கூப்பிடுவார். மராத்தியில் அதற்கும் அக்கா என்றே பொருள்.

இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, தான் சொல்வதை எழுத முடியுமா என்று அக்கா அவரைக் கேட்டிருக்கிறார். சுமன்பாய்க்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்த ஒலியை அப்படியே மராத்தி எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துக் காட்டி, அக்கா திருத்தச் சொன்ன இடத்தில் திருத்தியிருக்கிறார். ஒரு வரியில் அக்காவுக்குக் கண் நிறைந்ததாம். அது முக்கியமான வரி என்று சுமன்பாய் அதன் அடியில் கோடு போட்டுவைத்திருந்தார்.

இந்த மலருக்காக அந்தக் கவிதையை நான் தமிழில் எழுதியபோது அந்த வரியில்தான் தடுமாறினேன். மராத்தியில் ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் ஒரே எழுத்து. ‘இத்தனை வீட்டில் யாரும் விழிக்கவில்லை’ என்றும் படிக்கலாம். ‘விளிக்கவில்லை’, அதாவது கூப்பிடவில்லை, என்றும் படிக்கலாம். அக்கா உச்சரித்ததைக் கேட்டவர் என்பதால் சுமன்பாயிடமே போனேன். கூப்பிடவில்லை என்று இந்தியில் பொருள் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

“மை தோ ரோஜ் புலாத்தி தீ,” என்றார். நான் தினமும் கூப்பிட்டேனே என்று.

உண்மைதான். ‘விழிக்கவில்லை’ என்றே அச்சிட்டிருக்கிறோம்.

அக்காவைப் பார்க்க வந்துபோன பாண்டுப் உறவினர்களுக்கும், அலுவலக நண்பர்களுக்கும், வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சுமன்பாய் இந்த மலரைப் படிக்க முடியாது. ஆண்டு நினைவு நாளில் அவர் வீட்டுக்குப் போய், இதை முழுவதும் அவருக்குச் சொல்லிவிட்டு வருவேன்.

— தங்கை