கட்டைப்பையில் போன கால்

வாழ்க்கையில் நான் திருடியது ஒரே ஒரு பொருள்தான். அது என் அப்பாவின் இடது கால். திருடினேன் என்பது அம்மாவின் வார்த்தை. எடுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் இன்றுவரை என் கட்சி.

நான் பிறப்பதற்கு முன்பே, அண்ணா சாலையில் நடந்த ஒரு விபத்தில் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது. அதுவரை தெரு டீமில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவர், ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்ட பிறகு அம்பயர் ஆனார். வாரநாள்களில் தி.நகரில் ஓர் அச்சகத்தில் வேலை. சனி, ஞாயிறு என்றால் கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, தொப்பி சகிதமாக லீக் மேட்சுக்குக் கிளம்பிவிடுவார். மைதானத்தில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தால், பாவம் என்று சொல்லியே உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அவருடைய பயம். மாலையில் மந்தைவெளி வீட்டுக்கு வந்ததும் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் காலைக் கழற்றுவார். இது ரகசியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மற்ற வீடுகளில் அப்பாக்கள் வந்ததும் செருப்பைக் கழற்றுகிறார்கள், எங்கள் வீட்டில் அப்பா காலையும் சேர்த்துக் கழற்றுகிறார், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் ஒரு கண்காட்சிப் போட்டி வைத்தார்கள். நம் வாழ்நாளில் வந்த கண்டுபிடிப்புகளிலேயே தலைசிறந்தது எது, அதைக் கொண்டுவந்து விளக்க வேண்டும். யாருடைய வாழ்நாள் என்று நான் கேட்டேன். உங்கள் அப்பா அம்மாவுடையது என்று வைத்துக்கொள் என்றார் மிஸ். வகுப்பே செல்போன், கம்ப்யூட்டர், மைக்ரோவேவ் என்று கத்தியது. நான் கத்தவில்லை. அவர்கள் வீடுகளில் இல்லாத ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது என்ற தெம்பில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் இரண்டு கால்கள் இருந்தன. பழையது லாஃப்டில் கிடந்தது, கட்டைவிரல் பக்கம் ரப்பர் வெடித்திருக்கும். புதியது அப்பாவின் கட்டிலோரம் நிற்கும். ஐந்து விரல்களும் அச்சாக இருக்கும். கண்காட்சிக்கு யாராவது பழசைக் கொண்டுபோவார்களா? புதியதை நான் எடுத்துக்கொண்டால் அப்பாவுக்குப் பழையது இருக்கிறதே என்று நியாயமாகத்தான் யோசித்தேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்கூல் ரிக்‌ஷா வந்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தி.நகர் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் காலைத் தலைகீழாகப் போட்டேன். பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தினேன். காற்றில் துண்டு விலகியபோது ரிக்‌ஷாவில் இருந்த சின்னப் பிள்ளைகள் ஒன்று சேர்ந்து அலறின.

வெட்டுப்பட்ட இடம் வருடங்கள் போகப்போக மெலியும், பழைய கால் அதில் நிற்காமல் லொடலொடவென்று ஆடும் என்பது எனக்குத் தெரியாது. அன்று ஒன்பதரைக்கு நந்தனத்தில் மேட்ச் என்பதும் தெரியாது. அதுவும் சாதாரண மேட்ச் இல்லை. அப்பாவை மேல் டிவிஷனுக்கு ஏற்றலாமா என்று பார்க்க ஒரு மூத்த அம்பயர் வந்து உட்காரப்போகிற மேட்ச். ஆறு வருடமாக அவர் காத்திருந்த நாள்.

பள்ளிக்கூட ஹாலில் என் மேசைக்கு எதிரே செல்போன். அதைக் கொண்டுவந்திருந்த பையனின் அப்பாவும் அருகிலேயே காவலுக்கு நின்றார். பக்கத்து மேசையில் மைக்ரோவேவ். அதற்காகத் தனியாக ஒரு ஒயர் இழுத்திருந்தார்கள். நான் துண்டை விரித்துக் காலை நிறுத்தி வைத்ததும் மிஸ் இரண்டடி பின்னால் போனார்.

"இது யாரோடதும்மா?"

"எங்க அப்பாவோடது மிஸ்."

"அப்பா எங்கே?"

"தூங்கறார் மிஸ்."

எட்டரைக்கு நடுவர் வந்தார். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எதையும் மூக்கருகில் வைத்துப் பார்ப்பவர். அவர் என் மேசைக்கு வரவும் அம்மா மூச்சிரைக்க உள்ளே ஓடிவரவும் சரியாக இருந்தது. அப்பாவை வெளியே ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். காலை வாங்கிக்கொண்டு போய் ஆட்டோவிலேயே மாட்டி, நேராக நந்தனத்துக்கு விட்டுவிடுவது என்று ஏற்பாடு.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? குடு இங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்பதாம்மா ஜட்ஜ் வந்திருக்காரு. பத்து நிமிஷம்."

மிஸ் குறுக்கே வந்து, இது இவளுடைய அப்பாவுடையதா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ஒரு கணம் சுற்றிலும் நின்ற பெற்றோர்களைப் பார்த்தாள். "இல்ல மிஸ். அவருக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சவங்க ஒருத்தரோடது" என்றாள்.

செல்போன் பையன் "பொய் சொல்றா சார்" என்றான். நடுவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். பொய் சொன்னவள் என்று சொல்லிவிட்டால் போட்டியும் போச்சு, மானமும் போச்சு. "எங்க அப்பாவோடதுதான், எங்க அப்பாவோடதுதான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றேன்.

அம்மா போய் வெகு நேரமாயிற்றே என்று பார்க்க வந்த எங்கள் தெரு ஆட்டோக்காரர் ஹால் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாராம்: "சார், பாப்பா அழுதுகினு கீது சார். அது உன் காலு இல்லன்னு அண்ணியே சொல்றாங்கோ. புள்ளய எல்லாரும் பொய்க்காரிங்கிறான். நான் போய்ப் புடுங்கினு வந்துடவா?"

வேண்டாம் என்று அப்பா சொன்னதாகவும், ஆட்டோவில் கிடந்த ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுக்கச் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

ஹாலில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அப்பா வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் தொப்பி, இடது பக்கம் மடித்து ஊக்கு குத்திய பேண்ட். அந்த ஊன்றுகோல்கள் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டடை பிடித்துக் கிடந்ததைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, அவற்றோடு அவரை நான் பார்த்ததில்லை. செல்போன் பையனின் அப்பா வாயைப் பிளந்தார். அவர் ஒரு லீக் அணியின் செயலாளர் என்பது எனக்கு அப்போது தெரியாது. "சார், நீங்களா?" என்றார். அப்பா அவருக்குத் தலையை ஆட்டினார். பிறகு நடுவரிடம் திரும்பினார்.

"என்னோட கால்தான் சார். என் பொண்ணு பொய் சொல்லலை. அவ பேசி முடிக்கட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். ஜெய்ப்பூரில் ஒரு கைவினைஞரும் சில டாக்டர்களும் சேர்ந்து செய்தது. வெளிநாட்டுக் காலுக்கு ஷூ வேண்டும், இதற்கு வேண்டாம். வெறுங்காலோடு கோயிலுக்குப் போகலாம். மழையில் நனையலாம். சம்மணம் போடலாம். நடுவர், சம்மணமா, எப்படி என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். ஊக்கைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, அத்தனை பேர் முன்னாலும் காலை மாட்டினார். தரையில் சம்மணம் போட்டார். கையூன்றாமல் குந்தி எழுந்தார். கடைசியில் அந்த ஒற்றைக் காலில் நின்று, அவுட் கொடுக்கிற மாதிரி விரலை உயர்த்தினார். ஹால் அதிர்ந்தது. கை தட்டியவர்களில் என் அளவுக்குத் தட்டியவர் யாரும் இல்லை. இவர் என் அப்பா, இது என் ப்ராஜெக்ட் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

முதல் பரிசு மைக்ரோவேவுக்குப் போனது. அது நடுவருக்குச் சூடாகப் பாப்கார்ன் கொடுத்தது, நான் என்ன கொடுத்தேன்? எனக்கு இரண்டாம் பரிசு. செல்போனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அப்பா நந்தனம் போய்ச் சேர்வதற்குள் செய்தி மைதானத்துக்குப் போய்விட்டிருந்தது. அதைக் கொண்டுபோனது எதிர் மேசைக் கண்டுபிடிப்புதான்.

டாஸுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அப்பா போய் நின்றார். மாலைவரை நின்றார். அந்த மூத்த அம்பயர் எழுதிய அறிக்கை பிறகு வீட்டுக்கு வந்தது. எல்.பி.டபிள்யூ. முடிவுகள் தெளிவு, நோபால் பார்ப்பதில் கவனம் என்று இருந்தது. கால் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த சீசனில் அப்பா மேல் டிவிஷனில் நின்றார். அந்தக் காகிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்று மாலை அவர் வந்ததும் வராததுமாக நான் வாசலுக்கே ஓடினேன். "கிரவுண்டுல என் ப்ராஜெக்ட் பத்திக் கேட்டாங்களாப்பா?"

"எல்லாரும் கேட்டாங்க. லஞ்சுல பேண்ட்டைச் சுருட்டி, காலை மடிச்சுக் காட்டினேன்."

"யாரோட ப்ராஜெக்ட்னு சொன்னீங்களா?"

"என் பொண்ணோடதுன்னு சொன்னேன்."

அது போதும் எனக்கு. அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, பேண்ட்டைச் சுருட்டி, காலைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்தினார். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கத்துவது நன்றாகக் கேட்டது, ஏனென்றால் அன்று அவர் கதவைச் சாத்தவில்லை. காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.